இடது காலின் பழக்கம்

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஏழு வரிகள் கொண்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் நான் எழுதியது. தினமும் நடப்பது. மாதம் ஒரு புத்தகம் படித்து முடிப்பது. பல் மருத்துவரைப் பார்ப்பது. பழைய படங்களைப் பிரித்து அடுக்குவது. குளுவாங் போய் மலை ஏறுவது. கார் லைசன்ஸ் எடுப்பது. படுக்கையில் கைப்பேசியைத் தொடாமலிருப்பது.

ஆறாவது வரி மட்டும் பழையது. முந்தைய ஆண்டின் தாளிலும் அதற்கு முந்தையதிலும் அது இருந்தது. ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதினேன்.

நான் பல ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஜொகூரில் நிருபராக இருந்தவள். இப்போது செடெனாக் ஊரில் எங்கள் வீட்டிலிருந்தபடியே அதே நாளிதழின் பக்கங்களைத் திருத்துகிறேன். எழுதியவரே தன் செய்தியைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பக் கூடாது, இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். தாளில் டிக் போடும் உரிமை எனக்கில்லை. அது மூத்த மகளுடையது. அவளுக்குப் பன்னிரண்டு வயது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. சின்னவளுக்கு மூன்று வயது. என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் போய், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். எங்கள் கார் நாள் முழுவதும் வாசலில் நிற்கும். நான் மோட்டார் சைக்கிளில் போவேன். நிருபராக இருந்த காலம் முழுக்க ஜொகூர் பாருவுக்கும் குளுவாங்குக்கும் நடுவே மோட்டாரிலேயே அலைந்தவள். கார் இல்லாமல் எந்தச் செய்தியும் தவறியதில்லை.

ஆண்டின் நடுவில் தாளில் ஒரே ஒரு டிக்தான் இருந்தது. பல் மருத்துவருக்கு. அதுவும் வலி வந்த பிறகுதான் போனேன் என்பதால் அதை எண்ணலாமா என்று மகள் யோசித்துவிட்டுத்தான் போட்டாள். ஆறாவது வரியை விரலால் தட்டிக் காட்டி, “இது எத்தன வருஷமா இருக்கும்மா? வேற யாராவது எழுதியிருந்தா நீங்களே வெட்டிப் போட்டிருப்பீங்க,” என்றாள்.

அந்த வரிக்கு அவசரம் வந்தது ஆண்டுக் கடைசியில். மகளுக்கு முதலாம் படிவத்துக்கு, அதாவது ஏழாம் வகுப்புக்கு, குளாய் ஊரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. செடெனாக்கிலிருந்து அங்கே பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்காரர் முதுகுவலி காரணமாக ஓட்டுவதை நிறுத்தப்போவதாகச் சொன்னார். மற்ற வேன்களில் இடமில்லை. காலை பஸ்ஸை நம்ப முடியாது. மோட்டாரில் கொண்டுபோய் விடலாம் என்று நான் சொன்னபோது கணவர் ஒரே வார்த்தையில் மறுத்தார். நானும் வாதாடவில்லை. அந்தச் சாலையில் காலையில் எண்ணெய்ப்பனைக் குலை லாரிகளும் கொள்கலன் லாரிகளும் வரிசையாகப் போகும். அந்தச் சாலையின் விபத்துச் செய்திகளில் பாதியை எழுதியவள் நான். மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் வயதைச் செய்தியில் முதலில் எழுதுவோமா கடைசியில் எழுதுவோமா என்பதுகூட நினைவிருக்கிறது.

என் அக்கா வீடு அந்தப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில். அவள் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓர் அறை காலியாக இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும், “இங்கயே இருக்கட்டும் லா. சனி ஞாயிறு வந்து கூட்டிட்டுப் போங்க. இதுக்கு எதுக்கு மண்டையப் போட்டு ஒடச்சிக்கிற?” என்றாள். நல்ல யோசனை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னோம். அவள் தட்டைக் காலி செய்துவிட்டு, “பெரியம்மா வீடு நல்ல வீடுதான். ஆனா அங்க நான் வாரம் பூரா விருந்தாளியாவே இருக்கணும். கேக்காம ஐஸ்பெட்டியத் தொறக்க முடியாது,” என்றாள். எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால் தாளில் ஆறாவது வரிக்கு அடியில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது.

நான் வாகனப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கியர் இல்லாத காருக்கு மட்டும் லைசன்ஸ் எடுப்பது சுலபம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வாசலில் நிற்பது கியர் கார். பயிற்றுநர் முப்பது வயதுத் தமிழர். வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வார். பயிற்றுநர்கள் எப்போதும் காரின் இடப்பக்கம் உட்காருவதால் அவருக்கு இடக்கை மட்டும் கறுத்திருந்தது. அந்தக் கைக்கு மட்டும் வெயிலுக்கு ஒரு துணியுறை போட்டிருந்தார். பாடம் நடக்கும்போதே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுவார். நான் கியர் மாற்றும்போது குலுங்கினால், மிளகாய்ச் சம்பல் மடியில் விழாமல் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அதைப் பார்த்து என் ஓட்டத்தின் தரத்தை நான் தெரிந்துகொள்வேன்.

வளைவு, நிறுத்தம், திரும்புதல் எல்லாம் வந்தன. வராதது மேடு. பயிற்சித் திடலில் செயற்கையாக ஒரு மேடு கட்டியிருப்பார்கள். அதன் சரிவில், மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பிறகு பின்னால் வழுக்காமல் மேலே ஏற வேண்டும். இதற்கு இடது கால் கிளாச்சைப் பாதி அழுத்தியபடி அசையாமல் இருக்க வேண்டும். என் இடது கால் இருக்கவில்லை. கார் கொஞ்சம் பின்னால் நகர்ந்ததும் அது கிளாச்சை விட்டுவிட்டு இடப்பக்கமாக விலகியது. தரையில் ஊன்றப் போனது. இருபது ஆண்டுகளாக மோட்டார் சாயும் ஒவ்வொரு முறையும் அது செய்துவந்த வேலை அதுதான். காருக்குள் தரை இல்லை என்பது எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

பயிற்சிக் காரில் பயிற்றுநர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒவ்வொரு முறையும் அவர் அதை மிதித்துவிடுவார். அதனால் என் பிழை எவ்வளவு பெரியது என்பது இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை.

சோதனையன்று திடலில் காருக்குள் நான் மட்டும். மேட்டின் பக்கத்தில் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரி நின்றார். மஞ்சள் கோட்டில் சரியாகத்தான் நிறுத்தினேன். கைப்பிரேக்கை விட்டதும் கார் பின்னால் ஒரு முழம் வழுக்கியது. கால் போய்விட்டது. முழங்கால் கதவில் இடிக்காததற்குக் காரணம் கதவு வலப்பக்கம் இருப்பதுதான். இன்ஜின் குலுங்கி நின்றது. அதிகாரி குனிந்து என் கால்களைப் பார்த்தார். தினமும் மோட்டார் ஓட்டுகிறீர்களா என்று மலாய் மொழியில் பணிவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் பயிற்றுநர், “அக்கா, காருக்கு அடியில மட்டும் ஒரு ஓட்டை இருந்திருந்தா நீங்க தார்லயே கால ஊனியிருப்பீங்க,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த சோதனைக்கு எவ்வளவு சீக்கிரம் தேதி வாங்க முடியும் என்று பேச ஆரம்பித்தார். கிடைத்த தேதி, பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்து.

ஆகவே பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு மாலை மகளை அக்கா வீட்டில் விட்டோம். அக்கா அறையைத் துடைத்து வைத்திருந்தாள். இழுப்பறைகள் வைத்த புதிய படிப்பு மேசை ஒன்று சன்னல் ஓரத்தில் இருந்தது. அத்தான் அன்று காலைதான் வாங்கிப் பொருத்தியிருந்தார். மேசை பெரியது. சில வாரங்களுக்கு மட்டும் என்று நினைத்து யாரும் அப்படியொரு மேசை வாங்க மாட்டார்கள். மகள் நன்றி சொன்னாள். ஒவ்வோர் இழுப்பறையையும் திறந்து பார்த்து மூடினாள். எதையும் உள்ளே வைக்கவில்லை.

மறுநாள் காலை சின்னவளை நர்சரிக்குக் கொண்டுபோகக் கிளம்பினேன். மோட்டார் சாவி ஆணியில் இல்லை. சோபாவுக்கடியில், சின்னவளின் விளையாட்டுச் சட்டிகளில், அரிசி டப்பாவில்கூடத் தேடினேன். நேரமாகிவிடவே அவளை நடத்திக் கூட்டிப்போனேன். மதியம் அக்காவின் கைப்பேசியிலிருந்து ஒரு படம் வந்தது. புதிய மேசையின் மேல் எங்கள் மோட்டார் சாவி. கீழே மகள் எழுதியிருந்தாள்: தேட வேண்டாம், நடங்கள்.

மாலையில் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன். அவள் என்னை ஆரம்பிக்கவிடவில்லை.

“நீங்க மோட்டார் ஓட்டிக்கிட்டே இருந்தா அந்தக் கால் மாறாதும்மா. நான் பின்னால உக்காந்து பாத்திருக்கேன். சிக்னல் வரதுக்கு முன்னாடியே கால் கீழ போயிரும். மோட்டார் நிக்கவே நிக்காது, கால் மட்டும் நிக்கும்.”

மாற்றுச் சாவி ஒன்று வீட்டில் எங்கோ இருந்தது. கணவருக்கு இடம் தெரியும் என்று சந்தேகப்பட்டேன். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

நர்சரிக்கு நடந்தேன். கடைக்கு நடந்தேன். தபால் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடந்தேன். மோட்டார் கெட்டுப்போய்விட்டதா, தன் மகனைப் பார்க்கச் சொல்லட்டுமா என்று, நான் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கேட்டார். சாவி குளாயில் இருக்கிறது என்றேன். மோட்டாரில் ஒரே சுற்றில் முடிகிற வேலைகள் காலை முழுவதையும் எடுத்துக்கொண்டன. பக்கங்களைத் திருத்தும் வேலை பின்மதியத்துக்குத் தள்ளிப்போனது. சமையலும் எளிமையாகிவிட்டது. பயிற்சி நிலையத்தின் கொட்டகையில் என் முறை வரக் காத்திருந்தபோது பையில் ஒரு புத்தகம் வைத்துப் படித்தேன். அங்கே வேறு எதுவும் செய்ய முடியாது. இரண்டு புத்தகங்கள் அப்படி முடிந்தன. இரவில், பகலெல்லாம் நடந்த களைப்பில் படுத்ததும் தூங்கினேன், கைப்பேசி கூடத்திலேயே கிடந்தது. தாளின் மற்ற வரிகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

மாலையில் வாசலில் நின்ற காரில் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமல், கிளாச்சை அழுத்திப் பாதியில் நிறுத்திப் பழகினேன். சின்னவள் பின்னால் ஏறிக்கொள்வாள். “அம்மா, போலாம்,” என்பாள். போகவில்லை என்றால் மறுபடி சொல்வாள். கடைசியில் அந்தக் கார் போகாத கார் என்று முடிவுசெய்து பொம்மைகளைக் கொண்டுவந்து குடித்தனம் நடத்தினாள். சனிக்கிழமைகளில் கணவர் மகளைக் கூட்டிவருவார். அவள் நேராக வந்து என் பக்கத்து இருக்கையில் உட்காருவாள். முன்னால் பார்க்க மாட்டாள், கீழே என் காலைப் பார்ப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, கார் பின்னால் போவதாக நினைத்துக்கொள்வேன். பாதம் லேசாக நகர்ந்தாலும், “கால்,” என்பாள். அக்கா வீட்டைப் பற்றிக் கேட்டால், நன்றாக இருக்கிறது என்பாள். உடுப்புகள் எல்லாம் இன்னும் பையில்தான் இருப்பதாக அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

இரண்டாவது சோதனை காலையில் நடந்தது. முதல்நாள் மழையில் மேடு இன்னும் ஈரமாக இருந்தது. அதே அதிகாரி. அவருக்கு என்னை நினைவிருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் குனிந்து பார்ப்பதற்கு வசதியான இடத்தில் நின்றார். மஞ்சள் கோட்டில் நிறுத்தினேன். கைப்பிரேக்கை விட்டேன். கார் உள்ளங்கை அகலம் பின்னால் போனது. பாதம் இருந்த இடத்தில் இருந்தது. இன்ஜின் சத்தம் கனத்து, மூக்குப் பகுதி நிமிர்ந்து, கார் ஏறியது. அதன் பிறகு சாலையில் ஓட்டியது எனக்கு அவ்வளவாக நினைவில்லை. தேர்ச்சி என்று எழுதினார்கள்.

பயிற்றுநர் அன்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். “இன்னிக்குக் கால் வீட்டுலயே இருந்துச்சு போல,” என்றார்.

வெள்ளிக்கிழமை மகளை அழைத்துவர நானே குளாய்க்கு ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் புதிய ஓட்டுநர் என்று காட்டும் ‘பி’ ஸ்டிக்கர். பின்னால் வந்த லாரிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. எந்த அவமானமும் தோன்றவில்லை. அக்கா வாசலில் நின்றாள். மகளின் பை ஏற்கெனவே வெளியே இருந்தது. பிரித்து வைக்காத பையைக் கட்டுவதற்கு நேரம் தேவைப்பட்டிருக்காது. அக்கா சன்னலைப் பார்த்தபடி, “மேச இங்கயே இருக்கட்டும். பரீட்ச நேரத்துல வருவா,” என்றாள். மகள் திரும்பிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பரீட்சைக்கு நிச்சயம் வருவதாகச் சொன்னாள்.

தாமானிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடம் ஒரு மேடு. மேலே சிக்னல். சிவப்பு விழுந்தது. எனக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு வேன் வந்து நின்றது. மகள் குனிந்து என் காலைப் பார்த்தாள். பச்சை விழுந்தது. கார் பின்னால் நகராமல் ஏறியது. அவள் நிமிர்ந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ்பெட்டியைத் திறந்து, கேட்காமல், மீதமிருந்த கேக்கை எடுத்தாள். வாயில் கேக்கோடு, ஆண்டு மாறியும் கழற்றாத அந்தத் தாளில் டிக் போட்டாள். ஆறாவது வரிக்கு. புத்தகங்களுக்குப் பாதி டிக். கைப்பேசிக்கு, அப்பாவிடம் விசாரித்துவிட்டு, ஒன்று. நடப்பதற்கு மட்டும் போடவில்லை. நான் கையை நீட்டிச் சாவியைக் கேட்டேன்.

“இப்ப குடுத்தா நாளைக்கே நடக்கறத விட்டுருவீங்க,” என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டபோதும் சாவி அவள் பையில்தான் இருந்தது. திரும்பி வந்து காரை மோட்டாருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சின்னவளுக்குப் பால் தீர்ந்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, கடைக்கு நடந்தேன்.