நீராவியில் ஓடும் காத்து பம்ப்பு

எங்க நைனா விழுப்புரத்துல ரயில் இன்ஜினுங்களை ரிப்பேர் பண்ற லோகோ ஷெட்டுல ஃபிட்டரா இருந்தவரு. நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லேத்துப் பட்டறை வெச்சி மோட்டார் சாஃப்ட்டு கடைஞ்சி குடுக்கிறவன். ஐம்பத்திரண்டு வயசாச்சி. இன்னி வரைக்கும் என் வேலையைப் பாத்து அந்த மனுஷன் பாராட்டா ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வருஷம் எப்படியாவது அதை வாங்கிடணும்னு எனக்கு வெறி புடிச்சிது. சொல்ல வெக்கமாத்தான் இருக்குது.

அதுக்காகத்தான் அந்த பம்ப்பைச் செஞ்சேன். வெளிநாட்டு நீராவி ரயில் இன்ஜின் பக்கவாட்டுல தொங்குமே, அதோட மாடல். மேல் சிலிண்டரை நீராவி தள்ளும், கீழ் சிலிண்டர் காத்தை அழுத்தி டேங்குல ஏத்தும், அந்தக் காத்துலதான் பொட்டிங்களுக்கெல்லாம் பிரேக்கு புடிக்கும். நைனா பாத்த வண்டிங்களுக்கு வேற மாதிரி, காத்தை உறிஞ்சி எடுத்து வேலை செய்யுற வாக்குவம் பிரேக்கு. அவரு கை படாத சாமானா இருந்தா குத்தம் சொல்ல முடியாதுன்னுதான் இதை எடுத்தேன். இன்னா ஒரு புத்தி பாருங்க எனக்கு.

எட்டு மாசம் ஆச்சி. பிஸ்டனை மேலயும் கீழயும் மாத்தி விடுற வால்வு சுண்டு விரல் நகத்தளவுதான், அதை மட்டும் பதினோரு தரம் கடைஞ்சேன். வீட்டுக் குக்கர்ல குழாய் மாட்டி நீராவி விட்டா டக்கு டக்குனு ஓடிச்சி. நைனாகிட்ட மூச்சு விடலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் மெஷினுங்களை ஓட்டுறப்போ அவரு முன்னாடி இதையும் ஓட்டணும்னு இருந்தேன்.

பூஜையன்னிக்குப் பட்டறைக்கு வந்தாரு. வழக்கம்போல சந்தனக் கிண்ணத்தை அவரே வாங்கிக்கினாரு. லேத்துக்கு வெச்சாரு, டிரில்லுக்கு வெச்சாரு, என் பைக்குக்கும் வெச்சாரு. பம்ப்பு முன்னாடி வந்து, "இன்னாடா இது?"ன்னாரு. சொன்னேன். "நம்ம வண்டியில இது கெடையாதே"ன்னாரு. ஆனாலும் கட்டை விரலால பெருசா ஒரு பொட்டு அழுத்தி வெச்சாரு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சி. பூஜையில வெச்ச சாமானை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது, நானும் தொடலை.

மறுநாள் அக்கம்பக்கத்து கடைக்காரங்களும் வந்து நின்னாங்க. நீராவி விட்டேன். ஒரு இழை கூட நகரலை.

"ஃபிட்டர் வேலைன்னா விளையாட்டா? உனக்கு வராதுன்னு அப்பவே சொன்னேன்." எல்லார் எதிர்லயும் சொல்லிட்டு, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கினு நைனா போயிட்டாரு.

பிரிச்சிப் பாத்தேன். நீராவி வெளிய போற ஓட்டை தீக்குச்சி மொனை அளவுதான். அதுக்குள்ள அந்த சந்தனம் காஞ்சி கல்லா கெடக்குது. பெரிய பெரிய இன்ஜினுக்குப் பொட்டு வெச்ச விரல், அதுக்கு இன்னா தெரியும்? பொட்டைப் பாத்து உருகி நின்ன நானாவது ஓட்டையைப் பாத்திருக்கணும்.

கழுவி மாட்டினேன். அன்னிக்கு சாயங்காலமே வீட்டு அடுப்பாண்ட நாற்காலி போட்டு நைனாவை உக்கார வெச்சி ஓட்டினேன். டேங்குல காத்து ஏற ஏற மீட்டர் முள்ளு ஏறிச்சி. குனிஞ்சி காதை வெச்சிக் கேட்டாரு. ரொம்ப நேரம் கேட்டாரு.

"யாருகிட்ட குடுத்து சரி பண்ண?"ன்னாரு.

நான்தான்னு சொல்லியிருக்கலாம். சந்தனத்தைப் பத்தியும் சொல்லியிருக்கலாம். நம்ப மாட்டாரு. "திண்டிவனத்துல ஒருத்தரு, நைனா"ன்னேன்.

"நல்ல வேலைக்காரன்டா அவன்"னாரு.