லேபல் பிடுங்கப்பட்ட கெளுத்திகள்

அமைச்சின் செயலாளர் பார்வையிட வருகிறார் என்று எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் மீன் மாதிரிகள் வைக்கும் ஸ்டோரைத் துப்புரவாக்கிய கிழமை, நான் காய்ச்சலில் வெள்ளவத்தை வீட்டில் கிடந்தேன். திரும்ப வேலைக்குப் போய் ஸ்டோர்க் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். றாக்கை முழுக்கப் பளபளவென்று பெரிய புதுப் போத்தல்கள். என் பழைய சின்னப் போத்தல்களில் ஒன்றையும் காணவில்லை.

"நானா, என்ர கெளுத்தியெல்லாம் எங்க?" என்று ஸ்டோர் உதவியாளர் நஸார் நானாவைக் கேட்டேன். கொட்டாஞ்சேனைக்காரர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர்.

"இந்தா ஈக்கி மிஸ். எல்லாத்தையும் ஒரே போத்தல்ல போட்டாச்சு. பாஸ்தான் சொன்ன. உள்ளுக்குக் கெடந்த கடதாசித் துண்டையெல்லாம் வீசச் சொல்லிட்டாரு."

ஐயோ கடவுளே! அந்தக் கடதாசித் துண்டுகள்தான் லேபல்கள். எங்கள் தொழிலில் லேபலைப் போத்தலுக்கு வெளியே ஒட்டுவதில்லை. மீன் கெடாமலிருக்க ஊற்றும் ஸ்பிரிட் பட்டு மை கரையும், பசை விட்டுக் கழன்று விழும். ஆகவே தடித்த கடதாசியில் பென்சிலால் பதிவு இலக்கத்தையும் ஆற்றின் பெயரையும் எழுதி, மீனோடு சேர்த்து ஸ்பிரிட்டுக்குள்ளேயே போட்டுவிடுவோம். பார்வைக்கு அழுக்குத் துண்டுபோலத்தான் இருக்கும். அதற்காக வீசுவதா?

அந்தப் போத்தல்களில் ஒன்றில் நாங்கள் புதிதாக இனங்கண்ட கெளுத்தியின் ஹோலோடைப் இருந்தது. ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, இந்தப் பெயர் இந்த மீனுக்குத்தான் என்று ஒரே ஒரு மீனைக் காட்ட வேண்டும். அதுதான் ஹோலோடைப். பிறகு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உடம்பைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். சாதாரண கெளுத்திக்கும் இதற்கும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. மீசை எதுவரை போகிறது, முதுகிலுள்ள கொழுப்புச் செட்டை எங்கே தொடங்குகிறது, முள்ளந்தண்டில் எத்தனை எலும்பு என்று வருடக்கணக்காக அளந்து, டீஎன்ஏயும் பார்த்து, கட்டுரை அச்சுக்குப் போகவிருந்த நேரம் அது. ஹோலோடைப் தொலைந்தால் பெயர் அந்தரத்தில் தொங்கும்.

நானா சொன்ன பாஸ் எங்கள் பணிப்பாளர்தான். விறுவிறென்று அவரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நிர்வாகப் பக்கத்திலிருந்து வந்தவர். மீனைத் தட்டில் மட்டும் கண்டவர்.

"ஏன் மிஸ் டென்ஷன் ஆகிறீங்கள்? எல்லாம் கெளுத்திதானே? அதுபோல ஒண்டை எடுத்து அந்த நம்பரைப் போட்டு விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சேர்" என்றேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிப்போனால், கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கோ என்று யாராவது சொல்வார்களா? இந்த மனிதர் சொல்லுவார்!

ஒரே ஒரு வழி இருந்தது. எங்களிடம் எக்ஸ்ரே மெஷின் இல்லாததால், எலும்பு எண்ண வேண்டிய மீன்களைப் பாமன்கடையில் நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டரிடம்தான் கொண்டுபோவேன். ஹோலோடைப்புக்கு அங்கே எடுத்த படம் என்னிடம் இருந்தது. அந்த மீனுக்கு உயிரோடு இருந்தபோதே ஒரு விலா எலும்பு முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. மீன்களை ஈரத் துணியில் சுற்றி, மூடி போட்ட வாளியில் வைத்து, ஓட்டோவில் ஏறினேன். ஸ்பிரிட் மணத்துக்கு டிரைவர் வழி நெடுகச் சிங்களத்தில் திட்டிக்கொண்டே வந்தார்.

டொக்டர் வாளியை எட்டிப் பார்த்தார். "இண்டைக்கு எத்தினை பேஷன்ட்?"

"வாளி முழுக்க, டொக்டர். பகிடி விடாமல் எடுங்கோ."

நாய்களுக்கு நடுவில் மீன்களைப் பரப்பிப் படம் எடுத்தோம். கடைசிப் படங்களை ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர், "இந்தா, உங்கட ஆள்!" என்று கத்தினார். அதே கோணல் விலா. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து எலும்பு எலும்பாக ஒப்பிட்டேன். வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

பெயர் தப்பியது. ஆனால் மற்ற மீன்கள்? எது எந்த இனம் என்று அளந்து சொல்லலாம். எந்த ஆற்றில் வாழ்ந்தது என்று எந்த மெஷினும் சொல்லாது. பதிவேட்டில் ஆறுகளின் பெயர் இருக்கிறது, எந்த மீன் எந்த ஆறு என்று சொன்னது அந்தத் துண்டுதான். ஓர் ஆற்றில் அந்த மீன் இருந்தது என்பதற்கு அந்த உடம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. சாட்சி வேண்டும் என்றுதானே உயிரோடு பிடித்துக் கொன்றோம்? இப்போது கொன்றது மட்டுமே மிச்சம்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மீன் வடிவாக இருக்க வேண்டியதில்லை, எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். லேபலில் கைவைக்க எவர் வந்தாலும் விடாதீர்கள், அவர் எந்தக் கதிரையில் இருந்தாலும் சரி.

செயலாளர் வருவதற்குச் சற்று முன் பணிப்பாளர் ஸ்டோருக்கு வந்தார். பெரிய போத்தலுக்குள் நான் போட்டிருந்த புது லேபலைக் கண்ணாடிக்கு வெளியே குனிந்து நின்று வாசித்தார். 'துப்புரவின்போது லேபல்கள் அகற்றப்பட்டன. பிடித்த இடம் தெரியாது.'

"இதென்ன மிஸ் இது? செயலாளர் கண்டா என்ன நினைப்பார்? உடனே எடுங்கோ."

"நான் எடுக்க மாட்டன் சேர். வேணுமெண்டா மூடியைத் திறந்து, கையை உள்ளுக்கு விட்டு நீங்களே எடுங்கோ."

அவர் போத்தலைப் பார்த்தார், தன் வெள்ளைச் சேர்ட்டின் கையைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அந்த லேபல் இன்றும் உள்ளேதான் கிடக்கிறது.