மேல் பாதி இல்லாத மழைப்படம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா ஆய்வைப் பற்றிக் கேட்டபோது, "மழை" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். உண்மையில் அது தூசி பற்றியது. நீராவி தானாகத் துளியாகாது. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். கடலுப்பு, புழுதி, புகைக்கரி. துகள்கள் மிகுந்தால் இருக்கிற நீரைப் பங்குபோட்டுக்கொள்ளும். துளிகள் சிறுத்து, விழமாட்டாமல் மிதக்கும். கணினியில் காலநிலையைக் கணக்கிடும்போது ஒவ்வொரு துளியையும் பின்தொடர முடியாது. தீவைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொள்வோம். கொழும்பு முழுவதும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். அதில் எத்தனை துகள், காற்று எவ்வளவு வேகமாக மேலெழுகிறது என்று கொடுத்தால், எத்தனை துளி என்று ஒரு சமன்பாடு சொல்லும். துகள் எண்ணைக் கொடுப்பது என் வேலை.

வடக்குப் பெட்டிகளில் சிக்கினேன். போர் நடக்கும் இடத்தில் யார் காற்றை அளப்பது? வெறுமையாக விட்டால் கணினியில் கணக்கின் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே மென்பொருளோடு வந்த எண்ணே அங்கே கிடந்தது: நடுக்கடல் போலச் சுத்தமான காற்று. கிளிநொச்சிப் பக்கம் இருந்த பெரியம்மா கடைசியாகத் தொலைபேசியில் சொன்னதோ, "சாம்பல் விழுகுது, உடுப்பு காயப்போட ஏலாமக் கிடக்கு" என்று.

கணினி வெள்ளவத்தையில், கூடப் படித்த நண்பனின் நானா, அதாவது அண்ணன், நடத்திய கடையின் மாடியில் இருந்தது. துளி எப்போது மழையாகும் என்ற கணக்கு தெமட்டகொடையிலிருந்து வந்த அந்த நண்பனுடையது. என் எண்ணைப் பார்த்து அவன் சொன்னான்:

"ஒன்ட வடக்குல காத்து நல்ல சுத்தமா ஈக்குது மச்சான். இங்க இருமுற ஆக்கள அனுப்பி வைப்பமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீவின் படத்தை அச்சிட்டு, எங்கெங்கே புகையைச் சேர்க்கலாமென்று வடக்கில் சிவப்புப் புள்ளிகள் வைத்து, கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஞாயிறு பூசை முடிந்து நான் கோயில் வாசலில் கதைத்துக்கொண்டு நின்றபோது எங்கள் தெரு ஒழுங்கையில் பொலிஸின் வீட்டுச் சோதனை தொடங்கியிருந்தது. சோதனை என்று கேட்டவுடன் வயர், பழைய பற்றரி, வடக்கு முகவரி உள்ள தாள் எல்லாவற்றையும் பெண்கள் ஒழித்துவிடும் காலம் அது. நான் வந்தபோது பொலிஸ் போய்விட்டிருந்தது. அம்மா என் படத்தை நீட்டினார். மேல் பாதி இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டி அடுப்பில் போட்டிருந்தார்.

"மேல்பக்கம் மட்டுந்தான் எரிச்சனான். கீழ்ப்பக்கம் உனக்குப் படிக்கக் கிடக்குத்தானே?"

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தன் அக்காவான பெரியம்மாவின் ஊர் தீவில் எந்த இடத்தில் என்பது தெரியும்.

"புள்ளியள் என்னெண்டு அவங்கள் கேட்டா என்ன சொல்லியிருப்பாய்?"

"மழை எண்டு."

"சிவப்பு மழையோ?"

மறுநாள் அந்தப் பாதியையே பைக்குள் வைத்து பஸ் ஏறினேன். அதன் ஓரத்தில் என் கணக்குகள் இருந்தன. பம்பலப்பிட்டிக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் வயதுச் சிப்பாய் ஒருவன் தாளை விரித்து, வெட்டிய விளிம்பில் விரலை வைத்தான்.

"உட கேல்ல கோ, மல்லி?" மேல் துண்டு எங்கே தம்பி என்று சிங்களத்தில் கேட்கிறான்.

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா கெப்புவா," என்றேன். அம்மா வெட்டிவிட்டார்.

என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். ஏன் என்று கேட்டிருந்தால் தொலைந்தேன். கேட்கவில்லை. ஆனால் பஸ் போன பிறகுதான் அடையாள அட்டையைத் தந்தான்.

மிச்சத் தூரத்தை நடந்தேன். கதையைக் கேட்ட நண்பன் பகிடி விடவில்லை. "வடக்குப் பெட்டிகள எடுத்துட்டு மிச்சத்த மட்டும் ஓட்டுவோமே. யாரு கேக்கப் போறாங்க?"

"அம்மா பயத்தில வெட்டினவ. நானும் வெட்டிறதோ?"

"அளக்காம எண் போட ஏலாதே மச்சான்."

அதுவும் சரி. சாம்பல் விழுகிறது என்பது அளவீடு அல்ல. கடைசியில் இரண்டு தடவை ஓட்டினோம். ஒன்று மென்பொருளோடு வந்த எண்ணோடு. மற்றதில், வைக்கோல் எரிக்கும் வயலுக்கான எண்ணை வடக்குக்குக் கொடுத்து, பக்கத்தில் 'ஊகம்' என்று எழுதினேன். அதில் வடக்கு மேகங்களின் துளிகள் கூடிச் சிறுத்தன, மழை பிந்தியது. படத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா உடுப்பு உதறிக்கொண்டிருந்தார். "மேல்பக்கம் திரும்பப் போட்டியோ?"

"ஓம்."

"கொண்டு வரேல்லைத்தானே?"

"இல்லையம்மா."

"உன்ர கணக்கில அங்க மழை பெய்யுதோ?"

"பெய்யுது. பிந்தித்தான்."

பெரியம்மா பேசிப் பல வாரமாகியிருந்தது. அம்மா கையிலிருந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய், தொலைபேசியை எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார்.