ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே

கண்ணாடிக்காரருக்குப் பொறாமை என்பது சர்க்கரை வியாதி மாதிரி. பரம்பரையாக வந்தது, கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம், குணமாகாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். எதிர்க் கடையில் புதுப் பலகை மாட்டினால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டால் "நல்லது, நல்லது" என்பார். ஒரு தடவை சொன்னால் மனதாரச் சொல்கிறார் என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னால் உள்ளே அடுப்பு மூட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவர் தலை நரைத்த பிறகு ஒரு பழைய சொகுசுக் கார் வாங்கியதற்கும் காரணம் இதுதான். மனைவியின் தம்பி, ஏசி ரிப்பேர் பார்க்கிறவன், புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கினான். அதை அக்காளிடம் காட்ட ஓட்டிக்கொண்டு வந்தான். அவள் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். கொஞ்ச நாளில், ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த கறுப்புக் கார் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. தோல் இருக்கைகள். உள்ளே பளபளவென்று மரப்பலகை. கதவைச் சாத்தினால் பீரோ கதவு மாதிரி கனமாக ஒரு சத்தம். வயசாகிவிட்டதே என்று யாராவது இழுத்தால், "ராஜா கிழவனானாலும் ராஜாதான்" என்று வாயை அடைத்துவிடுவார்.

ராஜாவுக்கு உடம்பு முழுக்க வியாதி. பின்பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஏசி ஒரு பக்கம் பனிக்கட்டி, மறுபக்கம் வெந்நீர். டாஷ்போர்டில் எந்நேரமும் நாலைந்து விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். ஒர்க்ஷாப்பில் விசாரித்தபோது, யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிற பழமொழி உண்மைதான் என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். தானே கற்றுக்கொண்டு தானே சரிசெய்வது என்று முடிவு பண்ணினார். எள்ளு மாதிரி ஸ்க்ரூவைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்பது அவருடைய கணக்கு.

கணக்கு பிசகியது உண்மை. முதல் நாளே கதவின் உள்பலகையைக் கழற்றப் போய், அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கிகளை அப்பளம் மாதிரி நொறுக்கினார். ஆனால் அந்தச் சாயங்காலங்களில் வேறொன்று நடந்தது. அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். யாரோ எங்கேயோ கார் ரிப்பேர் பண்ணுகிற வீடியோவைப் போனில் ஓட்டி, அவருக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வாள். "இருங்க, இருங்க, அவன் முதல்ல கீழ இருக்கறத கழட்டறான்," என்பாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு இருவருக்கும் பேச விஷயமே இல்லாமல், டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடு அது. இப்போது கொக்கியைப் பற்றியும் ஃப்யூஸைப் பற்றியும் படுக்கிற வரைக்கும் பேசினார்கள். கண்ணாடி ஏறிய அன்று அவள் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். காரைவிட அந்தத் தட்டுதான் பெரிது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரிந்துபோயிற்று.

இந்த நிலையில்தான் மச்சினன் உள்ளே புகுந்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்தவன், பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது இன்றைக்கோ நாளைக்கோ என்றான். அடுத்த ஞாயிறு குழாயோடும் கருவிப்பெட்டியோடும் வந்து நின்றான். அக்காளும் தம்பியும் காரின் மேல் கவிழ்ந்தார்கள். சின்ன வயதில் அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கிய கதை வந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று பழைய துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி உடைந்துவிட்டது என்று போன் பண்ணவே, கடைக்குப் போகவேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. மனைவியின் மூக்கில் கறுப்பு மை.

"நாங்களே மாத்திட்டோங்க," என்றாள்.

தமிழில் இது ஒரு தொல்லை. 'நாம' என்று சொன்னால் கேட்கிறவனும் உள்ளே இருக்கிறான். 'நாங்க' என்றால் அவனை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியாகிவிட்டது. அவள் யோசித்துச் சொல்லவில்லை. அவர் இல்லாதபோது செய்ததை வேறெப்படிச் சொல்லுவாள்? ஆனால் கண்ணாடிக்காரர் அன்று ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு மென்றார். "நல்ல வேலை, நல்ல வேலை," என்று மச்சினனை வழியனுப்பியதும் அவர்தான்.

மறுநாள் மனைவி வேலைக்குக் கிளம்பிய பிறகு அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். புதுக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு க்ளிப் இன்ஜின் மூடிக்குப் பின்னால், டார்ச் அடிக்காமல் கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் இருந்தது. அவருடைய மெலிந்த கை சுலபமாக உள்ளே போயிற்று. விரலாலேயே ஸ்க்ரூவைத் தடவிக் கண்டுபிடித்தார். ஒரு சுற்று தளர்த்தினார். போதாதென்று தோன்றவே இன்னும் கொஞ்சம். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. தரையில் நாலு சொட்டு விழவேண்டும், ஞாயிற்றுக்கிழமை மச்சினன் முன்னால் விழவேண்டும், "என்ன மாப்ளே, ஒழுகுதே" என்று இவர் குனிந்து, மனைவி டார்ச் பிடிக்க, நிதானமாக இறுக்கவேண்டும். இவ்வளவுதான் ஆசை.

அடுத்த நாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய்க் காரின் கீழே பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. தளர்த்தின பிறகும் ஒழுகாத வேலையா? வயிறு எரிந்தது அவருக்கு. அவன் கைராசியை நினைத்து இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். நிற்கிற வண்டியில் தண்ணீர் சாதுவாகத்தான் இருக்கும், ஓடிச் சூடேறினால்தான் முட்டிக்கொண்டு வெளியே வரும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம் காரை யாரும் எடுக்கவுமில்லை.

ஞாயிறு வந்தது. மச்சினன் வந்ததும், ஒரு சுற்று போய்வரலாம் என்று மனைவி சாவியை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரர் முதலில் பானெட்டைத் திறந்து பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். போன வாரம்தானே பார்த்தோம் என்று அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி முன்னால், இவர் பின்னால். அவளுக்கு அன்று அப்படியொரு சந்தோஷம். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தமே கேட்கவில்லை பாருங்கள் என்று கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டார்.

பாலத்தின் உச்சியில் புகை கிளம்பியது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. அவளுக்கு ரோடு தெரியவில்லை. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்து ஓரத்துக்குத் திருப்ப, கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு கார் நின்றது. லாரி இவர்களை ஒட்டிக்கொண்டு போயிற்று.

இன்ஜின் ஆறின பிறகு பானெட்டைத் திறந்தார்கள். குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரருக்குத் திருடனைத் தேள் கொட்டின கதைதான், கத்தவும் முடியாது. எதையாவது சொல்லவேண்டுமே என்று, "என்ன மாப்ளே, சரியா இறுக்கலையா?" என்றார்.

"அத நான் எங்க இறுக்கினேன், அத்தான்? என் கை அந்தச் சந்துல போகல. அக்காதான் போட்டா," என்றான் அவன்.

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி போன் டார்ச்சை உள்ளே அடித்துக் க்ளிப்பைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். ஒரு ஊசியை எடுத்துவிட்டு, ரத்தம் நின்றதா என்று பார்க்கிற பார்வை.

"நான்தான் சரியா இறுக்கல போல இருக்கு," என்றாள் தம்பியிடம்.

தம்பி விடுவானா? உயிர் தப்பின நடுக்கத்தில் அவன் வாய் கொஞ்சம் நீளமாகவே போயிற்று. ஊசி போடுகிறவள் ஊசியோடு நிற்கவேண்டும் என்றான். மூன்று பேரையும் மேலே அனுப்பப் பார்த்தாயே என்றான். அவள் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். இழுவை வண்டி வருகிற வரைக்கும் கண்ணாடிக்காரர் பாலத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து, தம்பி போன பிறகுதான் அவள் பேசினாள். பரிசோதனை நிலையத்தில் எந்தக் குப்பியை மூடினாலும் அடையாளம் வைத்துப் பழக்கமாம். க்ளிப்பை இறுக்கி முடித்ததும் ஸ்க்ரூவின் தலையிலிருந்து க்ளிப் வரைக்கும் நகப்பூச்சால் ஒரே கோடாக இழுத்திருந்தாளாம். இப்போது ஸ்க்ரூவில் ஒரு பாதி, க்ளிப்பில் ஒரு பாதி, இரண்டும் வேறு வேறு பக்கம் பார்க்கிறதாம்.

"தானா கழலற ஸ்க்ரூ அவ்வளவு தூரம் திரும்பாது," என்றாள். "அந்தச் சந்துல போற கை இந்த வீட்ல ரெண்டு பேருக்குத்தான் இருக்கு."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார். "உன் தம்பி வேலைன்னு நெனச்சேன். நீ செஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேன்."

அதைவிட மோசமான பதில் உலகத்தில் கிடையாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவள் கோபப்படக்கூட இல்லை. "சரி," என்று எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

அப்புறம் அவள் வாசலுக்கு வரவில்லை. மச்சினனும் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் குறுக்கே வராமல் காரும் சாயங்காலமும் முழுக்க முழுக்க அவருடையதாயிற்று. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குழாயை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். தெருவெல்லாம் சுற்றிச் சூடேற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. உரசின இடத்துக்குப் பூச்சும் அடித்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே முழு வேலை அதுதான்; பார்த்து ஒரு வார்த்தை சொல்லத்தான் ஆளில்லை.

ஒரு காலையில் காரைத் துடைத்து, அவள் கிளம்புகிற நேரத்துக்கு வாசலில் நிறுத்தினார். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எல்லாவற்றையும் இறுக்கியாகிவிட்டது, தானே மூன்று தடவை பார்த்தாயிற்று என்றார்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். காரைப் பார்த்தாள். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு," என்றாள்.

பிறகு, "நீங்க கடைக்குப் போங்க. நான் பஸ்ல போய்க்கறேன்," என்று நடந்துவிட்டாள்.

கண்ணாடிக்காரர் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார். தெருமுனையில் ஒரு பஸ் வந்து நின்றது. பாதி விளக்கு உடைந்த, ஒரு பக்கம் சாய்ந்த, கரும்புகை கக்குகிற பஸ். ஓட்டுகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. எந்த ஸ்க்ரூவை யார் இறுக்கினார்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ பேரைப் பார்த்து வயிறெரிந்த கண்ணாடிக்காரருக்கு, அந்த பஸ் டிரைவரைப் பார்த்து எரிந்த மாதிரி ஒரு நாளும் எரிந்ததில்லை.