ஒரு வயலுக்கு வந்த இரண்டு மெஷின்கள்

பத்தாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகக் கிடைத்த வேலையைப் பார்த்தவன் நான். கைப்பேசியிலேயே கோடிங் கற்று, பூதலூர் பக்கத்து விவசாயிகள் அறுப்பு மெஷின் பதிவு செய்ய ஓர் இணையதளம் உருவாக்கினேன்.

மேகம் கறுத்த ஒரு காலையில் செல்வி அக்காவின் வயலுக்கு இரண்டு மெஷின்கள் வந்துவிட்டன. அன்று இருந்ததே அந்த இரண்டுதான்; மெஷின் கேட்டிருந்த பக்கத்து வயலுக்கு ஒன்றுகூட இல்லை. நான் அங்கே ஓடி வந்ததும் அந்தப் பக்கத்து வயல்காரர் கத்தினார்.

"தம்பி, உன் வெப்சைட்டுக்கு ஒரு பெரிய கும்பிடு! என் நெல்லு நனையட்டும்னு விட்டுட்டியா?"

அக்கா கைப்பேசியைக் காட்டினார். "ரெண்டு பட்டன் இருந்துச்சுப்பா. ஒண்ணு அறுக்க, இன்னொண்ணு வைக்கோல் கட்டன்னு நெனச்சு ரெண்டையும் அமுக்குனேன்."

ஒரு மெஷினைப் பக்கத்து வயலில் இறக்கிவிட்டு, வரப்பில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். இணையதளத்தில் வாடகை விவரப் பக்கத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பதிவு பட்டன் இன்னொன்று முளைத்தது. பழையதை நீக்கும் வரியை நான் எழுதவே இல்லை. அதை எழுதிச் சேர்த்தேன்.

அக்கா பக்கங்களை மாற்றி மாற்றித் திறந்தார். பட்டன் ஒன்றாகவே நின்றது.

"பயப்படாம அமுக்குங்கண்ணே, நம்ம தம்பி செஞ்சது" என்று கைப்பேசியை வயல்காரரிடம் நீட்டினார். மேட்டில் இருந்த தன் இன்னொரு வயலுக்கு அவரே பதிவு செய்தார்.

எத்தனையோ ஊர்களில் உழைத்திருக்கிறேன். என் வேலையை ஓர் ஊர் தன்னுடையதாகச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.