கிராபிக்ஸ் கார்டை முகர்ந்து பார்த்தவள்

ரோஸ்டாக்கின் சனிக்கிழமைச் சந்தையில் மீனை யாரும் தொடுவதில்லை. ஐஸ்மேல் படுத்திருப்பதை விரலால் காட்டினால் போதும். கையுறை போட்ட அம்மாள் எடுத்து, நிறுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். சொன்ன விலைதான் விலை. வாங்குகிறவர் நன்றி சொல்கிறார், விற்கிறவரும் நன்றி சொல்கிறார், அவ்வளவுதான் வியாபாரம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒருநாள் பழக்கதோஷத்தில் கையை நீட்டிச் செவுளைத் தூக்கப் போனேன். "நைன், நைன்!", கூடாது கூடாது என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. கடலோரக் காத்திவாக்கத்தில் பிறந்து, அம்மாவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படி மீன் வாங்கத் தெரியும்? இப்போது ஐந்து வருடமாகிறது. நானும் விரலால் காட்டி, நன்றி சொல்லி, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் செவிலி வேலை எனக்கு. காலை ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். மீனோடு மல்லுக்கட்டத் தெம்பு ஏது?

இப்படி அடங்கிப்போயிருந்தவள் மறுபடியும் பழைய புத்தியைக் காட்டியது ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போன இடத்தில். கம்ப்யூட்டருக்குள் செருகி, விளையாட்டுப் படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டும் அட்டை அது. எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கேட்டது என் அண்ணன் தேவா. துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே பதினாறு வருடம் டிரெய்லர் ஓட்டியவன். கன்டெய்னர் ஏற்றிய வண்டி ஒரு வளைவில் கவிழ்ந்து அவன் முதுகெலும்பை முறித்தது. உயிர் பிழைத்தான், உட்காரவும் முடிகிறது. ஆனால் வலது காலில் உணர்ச்சி இல்லை. இனி கேபினில் ஏறமுடியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். அவனை எழுப்பி உட்கார வைத்தது, ஒரு சிநேகிதன் கொண்டுவந்து மாட்டிவிட்ட லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுதான். பழைய ஸ்டீயரிங் ஒன்றை மேசையில் இறுக்கிக் கட்டி, இடது காலால் ஆக்சிலேட்டரை மிதித்துப் பழகினான். ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றினான். போனில் என்னிடம், "இன்னிக்கு போலந்து பார்டர் தாண்டிட்டேம்மா, மழ செம மழ" என்பான். நிஜமாகவே ஓட்டிவிட்டு வந்தவன்போல அவன் குரலில் ஓர் அலுப்பு இருக்கும். அந்த அலுப்பைக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

ஊரில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். அந்த உப்புக்காற்றில் இரும்புக் கட்டிலே உரிந்துபோகும், கம்ப்யூட்டர் எம்மாத்திரம். இரண்டு மாதத்துக்கு முன் அவனுடைய கார்டு செத்துப்போயிற்று. போன் பண்ணினால் அண்ணிதான் எடுத்தாள். "சோறு துன்ன மாட்டேன்றாரு செல்வி. திரும்பி செவுத்த பாத்துகினு படுத்துகினு கீறாரு. எனுக்கு பயமா கீது" என்றாள். கடைகளில் புதுக் கார்டின் விலை ஏறிக்கிடக்கிறது. பழையது வாங்கலாமென்றால், கிரிப்டோ மைனிங் என்று இணையக் காசு தோண்டுவதற்காக இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடி நொந்துபோன கார்டைத் துடைத்துத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயம். நான் ஊருக்கு வர டிக்கெட் போட்டிருந்தேன். இங்கே வீடுகளில் பழைய பொருள் நல்ல நிலையில் கிடைக்கும், நானே வாங்கிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மெமரி எட்டு ஜீபி வாணாம்மா, பன்னெண்டு பாரு. ரெண்டு ஃபேன் போதும். மூணு ஃபேனு நம்ம கம்ப்யூட்டர் டப்பால நுழையாது. பச்ச கம்பெனி கார்டா செவப்பு கம்பெனி கார்டான்னு பாக்காத, குடுக்குற காசுக்கு எது நல்லா ஓடுமோ அத வாங்கு." இரண்டு மாதத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது சரியான கார்டு இணையத்தில் கண்ணில் பட்டது. நூற்று எண்பது யூரோ, 'ஃபெஸ்ட்பிரைஸ்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. மாறாத விலை என்று அர்த்தம். நம் ஊர்க் கடைகளிலும்தான் 'ஒரே விலை' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், பேரம் பேசாமல் விட்டோமா? வேலை முடிந்த கையோடு டிராம் பிடித்துப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே அழைத்துப்போய், கார்டைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பத்து நிமிடம் காட்டினார். வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்ட மகனுடையதாம். பிறகு கழற்றி என் கையில் வைத்தார். அங்கேதான் எனக்குள் இருந்த காத்திவாக்கம் கண் விழித்தது. திருப்பினேன், விசிறியை விரலால் சுழற்றினேன், துரு இருக்கிறதா என்று ஓரங்களைத் தடவினேன், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். தீய்ந்த வாடை ஏதும் இல்லை. அந்த மனிதர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருள் பிடித்துவிட்டால் முகத்தில் காட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். குறை சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "பழையது. தூசி. நிறைய ஓடியிருக்கிறது. நூற்று ஐம்பது" என்றேன். எங்கள் மார்க்கெட்டில் இது வணக்கம் சொல்வது மாதிரி. 'நேத்து மீன், ஐஸ் மீன்' என்று வாங்குகிறவர் சொல்லாவிட்டால்தான் விற்கிறவருக்குச் சந்தேகம் வரும். இவர் முகமோ சிவந்துவிட்டது. "என் மகன் ஒவ்வொரு மாதமும் சுத்தம் செய்வான். நான் பொய் சொல்லவில்லை" என்றார். சரி, சூடு பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், கடவுளே! கார்டை மேசைமேல் வைத்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டி, வாசலுக்குப் போய்ச் செருப்பை நிதானமாக மாட்டினேன். இதுதான் கடைசி அடி. நடக்கிறவரின் நடையைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள், வாங்க வந்தவரா, வெட்டியாக வந்தவரா என்று. மூன்றாவது எட்டில் "த்தே, இங்க வா, எட்த்துகினு போ" என்று குரல் கொடுப்பாள்.

எட்டு எட்டு வைத்தேன். வெளிக் கதவு வரை வந்தாயிற்று. "ஷாடே" என்றார் அவர் பின்னாலிருந்து. ஐயோ பாவம் என்பதற்கும் போகட்டும் என்பதற்கும் நடுவிலான ஒரு சொல். மரியாதையாக "நல்ல மாலைப்பொழுது" என்றும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடைபாதையில் நின்றேன். முப்பது யூரோவுக்காக நான் இங்கே வரவில்லை, சத்தியமாக. முழு விலையும் பையில் இருந்தது. பேரம் பேசாமல் வாங்கினால் வாங்கியதாகவே மனசுக்குப் படாது, அவ்வளவுதான். எதிர்வீட்டு ஜன்னலில் ஓர் அம்மாள் திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். விட்டுப்போன கடைக்குத் திரும்பி வருவது எங்கள் பக்கம் பெரிய மானக்கேடு. திரும்பிப் போனால் விலை ஏறும், கூடவே ஒரு கிண்டலும் வரும். ஆனால் அண்ணி சொன்ன சுவர் கண்முன் நின்றது. கால் வலித்தது. அழுகையும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மானம் போனால் போகட்டும் என்று மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் முகத்தில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை. வெறும் குழப்பம். "நீங்கள் வேண்டாம் என்றீர்களே?" என்றார். அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதை நான் எந்த மொழியில் விளக்குவது? "வேண்டும். என் அண்ணனுக்கு. விலை சரி" என்றேன். கதவை அகலத் திறந்து உள்ளே கூப்பிட்டார். மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் கார்டின் பெயர், விலை, என் பெயர், அவர் பெயர் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வீடு வாங்குகிறவள்போல இருந்தது எனக்கு. கார்டை உறையிலிட்டுக் கொடுக்கும்போது அவர் கேட்டார்: "ஏன் முகர்ந்தீர்கள்?" அதற்கும் என்னிடம் ஜெர்மன் இல்லை. சிரித்துவைத்தேன். அவரும் சிரிக்கவில்லை என்று சொல்லமுடியாது.

சேலைகளுக்கு நடுவே சுருட்டி அதை ஊருக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. "வாம்மா" என்றதோடு சரி. கையில் கார்டைக் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்! நான் சிரித்த சிரிப்பில் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவனே டப்பாவைத் திறந்து, தூசியை ஊதி, கார்டைச் செருகினான். திரை ஒளிர்ந்தது. ஸ்டீயரிங்கில் கை வைத்ததும் அவன் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். ஹம்பர்க் பக்கம் நின்றிருந்த வண்டியை எடுத்து நெடுஞ்சாலையில் விட்டான். மத்தியான வெயில் வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது, திரையில் மழை. அரைமணி நேரம் ஓட்டியபின் ஒரு பெயர்ப்பலகை வந்தது. ரோஸ்டாக்.

"மின்னெல்லாம் எழுத்தே தெரியாது, மங்கலா போவும். இப்ப பாரு, இன்னா கிளீனா கீது" என்றான். வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வந்துபோவானாம். இத்தனை நாளாக என்னிடம் சொன்னதில்லை. "உன் வூடு எங்க கீது சொல்லு. அங்கயே நிறுத்துறேன்."

திரையில் இருந்தது நான்கு தெரு, ஒரு பெட்ரோல் பங்க், சில கிடங்குகள். டிராம் இல்லை, சந்தை இல்லை, முதியோர் இல்லம் இல்லை. நான் குடியிருக்கும் தெரு அந்த ஊரில் கிடையவே கிடையாது. அவன் வேகத்தைக் குறைத்து என் பதிலுக்குக் காத்திருந்தான். பங்க்குக்குப் பின்னால் தெரிந்த மஞ்சள் கட்டடம் ஒன்றைக் காட்டி, "அதாண்ணா" என்றேன்.

ஓரங்கட்டி நிறுத்தினான். நீளமாக ஹார்ன் அடித்தான். கட்டிலில் அவன் தோளோடு தோள் இடித்து நான் உட்கார்ந்திருக்க, திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "செல்வி, அண்ணன் வந்து கீறேன். கீய எறங்கி வா."

கதவு திறக்கிறதா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.