துப்புக்கூலி

நீலாஞ்சனாவின் கோபத்தைப் பற்றிப் பேசாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். வருஷா வருஷம் மேல்சித்தாமூர் சமணக் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போய், இனிமேல் கோபப்படுவதில்லை என்று நோன்பெடுத்துக்கொண்டுதான் திரும்புவாள். சர்க்கார் மாறிய அறுபத்தேழாம் வருஷம் அந்த நோன்பு, செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேரும் வரைதான் தாங்கியது.

கொல்லைக் கதவைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அவள் அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா, குடங்கள், குத்துவிளக்கு எதுவும் இல்லை. எடுத்தவன் அடுப்படியில் உட்கார்ந்து வெல்லம் தின்றுவிட்டுப் போயிருந்தான். பாத்திரம் போனதைவிட அந்த வெல்லம்தான் அவளை எரித்தது.

அந்தத் தெருவுக்குச் செல்லப்பன்தான் காவல். அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு வீடு நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வாங்கிக்கொண்டு போவான். களவு போன இரண்டாம் நாள் சாவகாசமாக வந்து நின்றான்.

"பொருள் எங்கியும் போய்டலம்மா. சேதி காதுல விழுந்துடுச்சு. துப்புக்கூலி மட்டும் குடுத்துட்டீங்கன்னா, அமாவாசைக்குள்ள எல்லாம் வூடு வந்து சேந்துடும்."

"எடுத்தவன் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் கேக்கக்கூடாதும்மா. துப்பு சொல்றதுக்குக் கூலி. அதான் வழக்கம்."

"திருடனத் தெரிஞ்சிக்கினு சொல்லாதவன் காவக்காரனாடா? காவலுக்கும் கூலி, களவுக்கும் கூலியா? இன்னையோட என் வூட்டுக்கு நீ காவல் இல்ல. எறங்கு படிய விட்டு!"

செல்லப்பன் சிரித்தான். "நான் காக்கலன்னா வேற யாரு காக்கறது? ராஜகிரிக் கோட்டைல இருக்கற கொரங்கா?"

அவள் புருஷன் குந்துநாதன் மல்லாட்டை வியாபாரி. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியறியாதவர். "நீலா, பாம்புப் புத்துல கைய வுடாத" என்று கெஞ்சினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே பக்கத்து ஊரான தளவானூருக்குப் போனாள். அங்கே அவர்கள் நிலத்தை ஒட்டிய புன்செய்க் கொல்லைகளில், ராயம்மாள் என்பவள் மல்லாட்டைக்குக் காவல் இருந்தாள். புருஷன் நெய்வேலிக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதன்பிறகு கையில் தடியோடு தனியாகவே பிழைத்துவந்தவள்.

"வூட்டுக் காவலுக்கு வர்றியா?" என்று நீலாஞ்சனா கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குப் போவணும்மா. அதுக்கு வுட்டா வர்றேன்."

"போய்ட்டு வா. அந்த நேரத்துக்கு நான் காக்கறேன். கருவாடு மட்டும் வூட்டுக்குள்ள கூடாது."

"வெளிய துன்னுக்கறேன்."

பேச்சு அவ்வளவுதான். அன்றைக்கே ராயம்மாள் மூட்டையோடும் தடியோடும் வந்து நடையில் பாய் போட்டாள். பொம்பளைக் காவல் என்று தெரு முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. ஒரு வீட்டுக்குக் காவல் நின்றால் தெரு முழுக்கவே காவல் நிற்கும் என்று செல்லப்பன் சொல்லியனுப்பினான். அடுத்த வாரம் எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர் அரங்கநாதன் தெரு ஆட்களோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் ஒரு கைவண்டியில் அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தார்கள்.

"எல்லாருமா சேந்து துப்புக்கூலியக் குடுத்துட்டோம் தங்கச்சி. ஒன் பொருள் வந்துடுச்சு. அந்தப் பொம்பளய அனுப்பிட்டு, செல்லப்பனக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லிடு."

நீலாஞ்சனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடியும் இப்பிடிக் குடுத்திருக்கீங்களா?"

ஆளாளுக்குக் கைவண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"போன வருஷம் காணாமப் போயி தானா திரும்பி வந்துச்சே ஒங்க காள, அதுக்கும் குடுத்தீங்களாண்ணே?"

அரங்கநாதனுக்குச் சுருக்கென்றது. "நாங்க மட்டுமா குடுத்தோம்? இந்த அண்டாவுக்கு ஒன் வூட்டுக்காரரும்தான் பங்கு குடுத்தாரு. அவரையே கேளு."

குந்துநாதன் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. அண்டாவை ராயம்மாளும் அவளுமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். திரும்பி வந்து, "இது என்னுது, எடுத்துக்கறேன். திருடனுக்குப் படியளந்தது ஒங்க பாடு. ராயம்மா இங்கதான் இருப்பா" என்றாள். புருஷனுக்குச் சோற்றைப் போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. நடுப்பகலில் கொல்லையிலிருந்த வைக்கோல்போர் எரிந்தது. ராயம்மாள் போட்ட கூச்சலில் நீலாஞ்சனா ஓடிவந்தபோது, செல்லப்பனின் மச்சான் பச்சைமுத்துவை ராயம்மாள் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தாள். ஓட்டுக்கு மேலே தெரிந்த எதிர்மாடி சன்னலில் அரங்கநாதன் நின்றுகொண்டிருந்தார். நீலாஞ்சனா நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

இருவருமாகப் பச்சைமுத்துவைக் கடைவீதி வழியே போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ராயம்மாளைத் தவிர வேறு யார் பார்த்தது என்று ஏட்டு கேட்டார். அரங்கநாதனுக்கு ஆள் போயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்ததாகப் பதில் வந்தது.

"கூலிக்கு வந்த ஆள் சொல்றத மட்டும் வெச்சிக்கினு என்ன பண்றதும்மா?" என்றார் ஏட்டு.

நீலாஞ்சனா வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. குந்துநாதன் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"களவு போன பொருளுக்குத் துப்புக்கூலின்னு செல்லப்பன் கைல குடுத்தவன் நானுங்க. தெருவுல எல்லாரும் குடுத்தோம். இவ காவல மாத்தினதுக்குத்தான் போர் எரிஞ்சிருக்குது. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

 ஒரு வார்த்தையைக்கூட அவர் விழுங்கவில்லை. வீடு திரும்பும்போது நீலாஞ்சனா, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அத்தனை நாள் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதுவும் கோபமாகத்தான் வந்தது.

செல்லப்பனும் மச்சானும் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள். வந்ததும் தெரு பழையபடி செல்லப்பனுக்கே நெல் அளந்தது. இதைத்தான் நீலாஞ்சனாவால் கடைசி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. திருடனைக்கூட ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன், இவர்களை மறக்கமாட்டேன் என்பாள். அந்தத் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் அதன்பின் அவள் போகவில்லை. அவள் வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூடக் களவு போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அரங்கநாதன் வீட்டிலிருந்து பட்டுப்புடவைக் கட்டு ஒன்று களவு போயிற்று. பொங்கல் வியாபாரத்துக்காக எடுத்து வைத்த கடைச் சரக்கு. மனிதர் வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"தங்கச்சி, ராயம்மாள நம்ம வூட்டையும் சேத்துப் பாத்துக்கச் சொல்லேன்."

"அவ பாத்துக்குவா அண்ணே. நாளைக்கு அவ ஒருத்தனப் புடிச்சி வெச்சா, ஸ்டேஷனுக்கு வந்து, ஆமா நான் பாத்தேன்னு சொல்லுவீங்களா?"

அரங்கநாதன் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.  அவர் நிற்கும்போதே அவள் கதவைச் சாத்தினாள்.